சாப்பிட்டியளோ, அம்மா?

"ஆச்சி, இப்ப கதைக்க ஏலாது. நான் வெளிக்கிடுறன். பேந்து கதைக்கிறன்!"

போனை சோபாவில் போட்டுவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என் மகன். திரையில் என் அம்மா, திருநெல்வேலி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முழித்தாள்.

"ஏட்டி, பிள்ள என்ன சொல்லுதான்? ஜெர்மன் பாஷையா?"

"இல்லம்மா, தமிழ்தான்."

"தமிழா? 'ஏலாது'ங்கிறது மட்டும் வெளங்குச்சு. எங்க ஆச்சி சொல்லுவா. மத்ததெல்லாம் என்னது?"

விளையாடக் கிளம்புகிறானாம், பிறகு பேசுகிறானாம் என்று மொழிபெயர்த்தேன். தமிழிலிருந்து தமிழுக்கு! அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால், எனக்குள் ஒரு சின்ன முள் குத்தியது உண்மை. அந்த முள்ளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகருக்கு வந்தது 2015-ல். கணவருக்கு மென்பொருள் வேலை. இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவோம் என்றுதான் பெட்டி கட்டினோம். 2017-ல் மகன் பிறந்தான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த 'இரண்டு வருடம்' எப்படி நீளும் என்று.

மூன்று வயது வரை மகன் அழகாகத் தமிழ் பேசினான். கிண்டர்கார்டன் போனான். ஆறே மாதத்தில் அவன் வாயிலிருந்து வருவதெல்லாம் ஜெர்மன். நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். தூக்கத்தில் உளறுவதும் ஜெர்மன், கீழே விழுந்து அழுவதும் ஜெர்மன். "வீட்டில் உங்கள் தாய்மொழியிலேயே பேசுங்கள், ஜெர்மனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கிண்டர்கார்டன் ஆசிரியை சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். கேட்க வேண்டியவன் கேட்டான். பேசத்தான் இல்லை.

அவனுக்கு நாலு வயதானபோது ஊருக்குப் போனோம். அம்மா அவனை மடியில் இருத்தி, எனக்குச் சொன்ன அதே காக்கா, நரி கதையை ஆரம்பித்தாள். இரண்டு நிமிடம்தான். புரியாமல் நெளிந்து இறங்கிப் போய்விட்டான். திரும்பி வரும் நாளில், விமான நிலைய வாசலில் அம்மா சொன்னாள்: "என்னையப் பாத்து சிரிக்கான். நல்ல பிள்ளதான். ஆனா பேச மாட்டேங்கான். நான் அவனுக்கு டிவில வர்ற ஆளு மாதிரி ஆயிட்டேன்."

விமானத்தில் பத்து மணி நேரமும் அந்த வார்த்தை என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

டுசல்டார்ஃபில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க நாங்கள் போவது ஓர் இலங்கைத் தமிழர் கடைக்கு. அங்கே ஒரு நாள் என் புலம்பலைக் கேட்ட கடைக்காரர், "சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு விடுங்கோவன்" என்றார். அப்படித்தான் அந்தத் தமிழ்ப் பள்ளி எங்களுக்குத் தெரியவந்தது. ஜெர்மன் பள்ளி ஒன்றில் சனிக்கிழமைகளில் மட்டும் சில வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். ஆசிரியர்கள் எல்லோரும் ஈழத்தமிழர்கள். வார நாட்களில் மருத்துவமனையிலும் உணவகத்திலும் அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்கள், சனிக்கிழமை தூக்கத்தைத் துறந்து 'அ' எழுதிக் கொடுக்கிறார்கள்.

என் மகனுக்கு வாய்த்த டீச்சர் அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. அவர் வகுப்பில் அவன் மடை திறந்த மாதிரி பேச ஆரம்பித்தான். ஒரே ஒரு விஷயம்தான். அவன் பேசிய தமிழ், நான் எதிர்பார்த்த தமிழ் இல்லை.

நாற்காலி 'கதிரை' ஆனது. சமையலறை 'குசினி', செருப்பும் ஷூவும் 'சப்பாத்து', ரொட்டி 'பாண்', ஆரஞ்சு 'தோடம்பழம்', வேர்க்கடலை 'கச்சான்'. தூக்கம் வந்தால் "நித்திரை வருது." சட்டை நன்றாக இருந்தால் "வடிவா இருக்கு." ஆமாம் என்பதற்கு 'ஓம்'. முதல் தடவை அவன் "ஓம்" என்றபோது, சாமி கும்பிடுகிறானோ என்று என் கணவர் எட்டிப் பார்த்தார்!

ஒரு நாள் அவன் நோட்டில் 'ரீ' என்று எழுதி, பக்கத்தில் ஆவி பறக்கும் கோப்பை வரைந்திருந்தான். 'டீ' என்று திருத்தினேன். "இல்லையம்மா, ரீச்சர் 'ரீ' எண்டுதான் எழுதினவ" என்றான். பிறகுதான் தெரிந்தது, ஆங்கில 'டி' ஒலி வரும் இடத்தில் அவர்கள் 'ர' போட்டு எழுதுவது வழக்கம் என்று. ரீச்சர், ரீவி, ரெலிபோன். தப்பே இல்லை. எழுதும் முறை வேறு, அவ்வளவுதான். நான்தான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. ஒரு சனிக்கிழமை பள்ளியிலிருந்து வந்தவன், பையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: "அம்மா, சாப்பிட்டியளோ?"

"சாப்பிட்டீங்களான்னு கேளு" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. ஏன் அவ்வளவு வெடுக்கென்று சொன்னேன் என்பது அப்போது எனக்கே புரியவில்லை.

2024 பொங்கல். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு மண்டபம் எடுத்துக் கொண்டாடினோம். குக்கரில் பொங்கல், பேப்பரில் கரும்பு, பட்டுப்புடவைக்கு மேலே குளிருக்குக் கோட்டு. குழந்தைகளை மேடையேற்றி ஒவ்வொருவராகத் தமிழில் பேசச் சொன்னார்கள். என் மகன் மைக்கைப் பிடித்து தைரியமாகச் சொன்னான்: "நான் ஒண்டாம் வகுப்பு படிக்கிறன். எனக்குப் பந்தடிக்க நல்ல விருப்பம்."

மண்டபமே சிரித்தது. "டேய், தெனாலி!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கமல் படம் வந்து இருபத்துச் சொச்சம் வருடமாகியும், இலங்கைத் தமிழ் என்றால் நம் ஆட்களுக்கு அதுதான் ஞாபகம். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. செல்லச் சிரிப்புதான். மறைக்காமல் சொல்கிறேன், நானும் சிரித்தேன். அவன் மேடையிலிருந்து முதலில் தேடிப் பார்த்தது என் முகத்தை.

காரில் திரும்பும்போது ஜெர்மனில் கேட்டான், "நான் என்ன தப்பாகச் சொன்னேன்?" ஒன்றும் தப்பில்லை என்றேன். அவன் நம்பவில்லை. அடுத்த இரண்டு வாரம் வீட்டில் ஒரு தமிழ் வார்த்தை பேசவில்லை. ஆச்சி போன் பண்ணினால் பாத்ரூமுக்குள் போய்விடுவான். சனிக்கிழமை காலையில் சரியாக வயிற்று வலி வரும்.

எங்கள் மாடிக்கு மேலே ஒரு துருக்கிப் பாட்டி இருக்கிறார். 1961-ல் ஜெர்மனியும் துருக்கியும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆலை வேலைக்கு வந்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவருடைய மனைவி. படிக்கட்டில் பார்த்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோடை விடுமுறைக்குத் துருக்கிக்குப் போனால், அவருடைய பேரப்பிள்ளைகளை அங்கே 'அல்மான்ஜி' என்பார்களாம். ஜெர்மன்காரனாகிப் போனவன் என்று கிண்டல். இங்கே அவர்கள் துருக்கியர், அங்கே ஜெர்மானியர். "சிரிக்கிறவர்களுக்குத் தெரியாது, அந்தக் குழந்தைக்கு இருப்பது ஒரே ஒரு நாக்குதான் என்று" என்றார்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. தமிழ் டீச்சருக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்து, "அவனுக்கு எங்க ஊர்த் தமிழ்ல சொல்லிக்கொடுக்க முடியுமா? பாட்டிக்குப் புரியணும் பாருங்க" என்று கேட்டேன். பாட்டியின் மேல் பழியைப் போட்டேன்.

சில நொடி மௌனம். பிறகு டீச்சர் சொன்னார்: "ஓம், விளங்குது. எனக்கு உங்கட தமிழ் அவ்வளவு வராது, பிள்ளை. புத்தகத்தில இருக்கிறது எல்லாருக்கும் பொதுவான தமிழ்தான். வாயில வாறது என்ர ஊர்த் தமிழ். தம்பி தமிழ் கதைச்சாக் காணும் எண்டுதான் நான் நினைச்சனான்."

கோபமில்லாத குரல். அதுதான் சுட்டது. மன்னிப்புக் கேட்பதற்காக அடுத்த சனிக்கிழமை நேரில் போனேன். வகுப்பு முடிந்த பிறகு, பிளாஸ்கிலிருந்து எனக்கு 'ரீ' ஊற்றிக் கொடுத்தபடி அவர் தன் கதையைச் சொன்னார்.

1983 கலவரத்துக்குப் பிறகு ஊரில் இருக்க முடியாமல், 1985-ல் கணவரோடு கிளம்பியிருக்கிறார். அந்தக் காலத்தில் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்துவிடலாம். ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் வந்தது அந்த வழியில்தான். பிறகு அகதி முகாம். ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைத் தாண்ட அனுமதி வேண்டும். வேலை பார்க்கவும் தடை. ஓர் அறையில் இரண்டு குடும்பம். முதல் பிள்ளை பிறந்து பேசத் தொடங்கியபோது, கையில் ஒரு தமிழ்ப் புத்தகம்கூட இல்லை.

"காலண்டர்த் தாளின்ர பின்பக்கத்தில நானே எழுதினனான். அ, ஆ, இ, ஈ. அம்மாவுக்கு ஒரு படம், ஆட்டுக்கு ஒரு படம். பக்கத்து அறைப் பிள்ளையளும் வந்து இருந்திச்சினம். அதுதான் எங்கட முதல் பள்ளிக்கூடம்" என்றார். "ஊரில வீடு இல்லை, காணி இல்லை. திரும்பிப் போவமோ எண்டும் தெரியேல்லை. கொண்டுவந்தது இந்தக் கதையை மட்டும்தான்."

'கதை' என்று அவர் சொன்னது பேச்சை. நான் திருத்தச் சொன்னது அதைத்தான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைவு இருபது வருடம் பின்னால் போனது. 2004, சென்னையில் கல்லூரி விடுதி. திருநெல்வேலியிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்திறங்கிய முதல் நாள். மெஸ்ஸில் ஒரு சீனியர் அக்காவைப் பார்த்து மரியாதையாகக் கேட்டேன்: "சாப்ட்டியளாக்கா?"

அந்த மேஜை முழுக்கச் சிரித்தது. ஒரு வாரத்துக்கு என் பெயரே 'சாப்ட்டியளா'. அதன்பின் நான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். 'வந்தாவ', 'சொன்னாவ' போயிற்று. 'அங்ஙன', 'இங்ஙன' போயிற்று. 'பைய வா' போயிற்று. மூன்று மாதத்தில் சுத்தமான சென்னைக் கல்லூரித் தமிழ். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மா கேட்டாள், "யாருட்டட்டி இப்படிப் பேசப் படிச்ச?" நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

மகன் 'சாப்பிட்டியளோ' என்றபோது எனக்கு ஏன் சுருக்கென்றது என்று அன்றிரவுதான் விளங்கியது. நான் விட்டுவிட்டு வந்த சொல், அவன் வாயில் வேறு ஊர் சுற்றித் திரும்பி வந்திருந்தது.

மறுநாள் படுக்கையில் அவனிடம் அந்த மெஸ் கதையைச் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து தலை மெதுவாக வெளியே வந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு தமிழில் கேட்டான்:

"உங்களையும் சிரிச்சவையோ?"

"ஆமா."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"அப்படிப் பேசுறதையே விட்டுட்டேன்."

"ஏன்? அது பிழையோ?"

"இல்ல."

"அப்ப ஏன் விட்டனீங்கள்?"

ஆறு வயதுப் பிள்ளை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "உன்னைப் பார்த்து அன்னைக்கு நானும் சிரிச்சுட்டேன். அது தப்பு" என்று மட்டும் சொன்னேன். சனிக்கிழமை வயிற்று வலி அந்த வாரத்தோடு நின்றது.

அந்தக் கோடையில் அம்மா வந்தாள். சுற்றுலா விசாவில் தொண்ணூறு நாள் தங்கலாம். பெட்டியில் துணியைவிட மல்லித்தூளும் வடகமும்தான் அதிகம்.

டுசல்டார்ஃபிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம் போனால் ஹம் என்ற ஊர். அங்கே காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத்தமிழர்கள் கட்டியது. 2002-ல் குடமுழுக்கு நடந்தது. சுற்றிலும் தொழிற்கூடங்களும் கிடங்குகளும் இருக்க, நடுவில் நம்மூர் ராஜகோபுரம் நிற்கும். தேர்த்திருவிழா அன்று ஐரோப்பா முழுவதிலிருந்தும் தமிழர்கள் வந்து குவிகிறார்கள். ஜெர்மன் போலீஸ்காரர்கள் போக்குவரத்தைச் சரிசெய்ய, காவடியும் கற்பூரச் சட்டியுமாகத் தேர் நகர்கிறது. பக்கத்துக் கால்வாயில்தான் தீர்த்தம். அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "நெல்லையப்பர் தேரு மாதிரியே வடம் பிடிக்காவளே!"

கூட்டத்தில் டீச்சர் எங்களைப் பார்த்துவிட்டார். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"சாப்பிட்டியளோ, அம்மா?"

அம்மா அப்படியே நின்றாள். டீச்சரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எந்த ஊரு? நம்ம பக்கமா? பாளையங்கோட்டையா?"

"இல்லையம்மா, யாழ்ப்பாணம்."

"பொறவு எப்படி எங்க பேச்சு பேசுதிய?"

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். கற்பூரப் புகை என்று கணவரிடம் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு டீச்சரை வீட்டுக்கு அழைத்தாள் அம்மா. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைப்பது வழக்கம். அதைத்தான் வைத்தாள். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளை, கேரட், பூண்டு. மூன்றாம் பால், இரண்டாம் பால், கடைசியில் தலைப்பால். டின் தேங்காய்ப்பாலைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்று காலை முழுக்கத் தேங்காய் துருவியது என் கணவர். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும்.

வாசல் ஏறும்போதே டீச்சர் மோப்பம் பிடித்தார். "சொதியோ?"

"உங்க ஊர்லயும் உண்டா?"

"சொதி இல்லாமல் இடியப்பம் எப்பிடி இறங்கும், அக்கா? எங்கட சொதி தண்ணியா இருக்கும். பருப்பு போடமாட்டம். வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், கொஞ்சம் வெந்தயம். இறக்கின பிறகு தேசிக்காய் புளி விடுவம்."

"நாங்களும் எறக்கித்தான் எலுமிச்சம்பழம் பிழிவோம். அடுப்புல வச்சுப் பிழிஞ்சா பால் திரிஞ்சிரும்லா!"

அரை மணி நேரம் இரண்டு பேரும் சொதியைப் பற்றியே பேசினார்கள். வார்த்தை புரியாத இடங்களில் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தது யார் தெரியுமா? என் மகன். "ஆச்சி, தேசிக்காய் எண்டா எலுமிச்சம்பழம். ரீச்சர், பொறவு எண்டா பேந்து." டிவியில் வரும் ஆளாக இருந்த ஆச்சியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னான்.

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் என்னைப் போன்ற அம்மாக்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லலாம் என்று தோன்றுகிறது. குழந்தை தப்பும் தவறுமாக, பாதி ஜெர்மனோ ஆங்கிலமோ கலந்து, யாருடைய ஊர் வழக்கிலோ தமிழ் பேசினால், பேச விடுங்கள். திருத்த ஆயுசு முழுக்க நேரம் இருக்கிறது. சிரித்துவிட்டால் மட்டும் திரும்பப் பேச வைப்பது பெரும்பாடு. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

அம்மா ஊருக்குத் திரும்பி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது ஞாயிறுதோறும் அவனே போனை எடுத்து ஆச்சியை அழைக்கிறான். போன வாரம் நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஆமாம், எனக்கும் அது குசினியாகிவிட்டது. ஹாலிலிருந்து அவன் குரல் கேட்டது:

"ஓம் ஆச்சி, சாப்பிட்டாச்சு. நீங்க சாப்ட்டியளா?"

பக்கத்தில் போய் நின்று, நானும் போனுக்குள் தலையை நீட்டினேன். "சாப்ட்டியளாம்மா?"

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. பிறகு அம்மா, "ஏட்டி, இப்பத்தான் நீ வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றாள்.